நான்கு மணி நேரக் கல்யாணம், ஒரே டிவிடி

கேள்வி:

என் பெற்றோரின் கல்யாணம் 1994இல் நடந்தது. முகூர்த்தம் ஒரு கேசட், ரிசப்ஷன் ஒரு கேசட் என்று இரண்டு விஎச்எஸ் கேசட்டுகள் வீட்டில் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து மாற்றினோம். இரண்டு டிவிடி போட்டுத் தந்தார்கள். கூடவே ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு ஏவிஐ கோப்புகளும் கொடுத்தார்கள். முகூர்த்தம் 110 நிமிடம், ரிசப்ஷன் 120 நிமிடம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 50 ஜிபி.

அப்பாவுக்கு இந்த ஆண்டு 60 நிறைகிறது. அம்மா இன்னமும் பழைய டிவிடி ப்ளேயரில்தான் படம் பார்க்கிறார். மூட்டு வலி. நடுவில் எழுந்து தட்டு மாற்றாமல் முழுக் கல்யாணத்தையும் ஒரே டிவிடியில் பார்க்க வேண்டும் என்கிறார். டிவிடி ஷ்ரிங்க் என்ற மென்பொருளில் இரண்டு டிவிடியையும் சேர்த்து ஒன்றாகச் சுருக்கிப் பார்த்தேன். மற்ற இடங்களில் சுமாராக இருக்கிறது. தாலி கட்டும் இடம் வந்ததும் படம் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்துவிடுகிறது. பிறகு ஏவிஐ கோப்புகளையே வேறொரு மென்பொருளில் போட்டு, தட்டுக்குள் தானாக அடக்கும்படி விட்டேன். அதில் எல்லா முகமும் கூழ் மாதிரி இருக்கிறது; தாலி கட்டும்போது இன்னும் மோசம்.

டபுள் லேயர் தட்டு வாங்கினால் தீருமா? 4.7 ஜிபி என்று விற்கும் தட்டு கம்ப்யூட்டரில் 4.38 என்று காட்டுகிறதே, அது ஏன்? பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போ என்கிறான் தம்பி.

– வாசகி, மன்னார்குடி

பதில்:

முடியும். 230 நிமிடக் கல்யாணம் சாதாரண 4.7 ஜிபி தட்டு ஒன்றில் அடங்கும். கேசட்டில் எவ்வளவு தெளிவு இருந்ததோ அவ்வளவு தெளிவாகவே அடங்கும். கேசட்டில் இல்லாத தெளிவை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு வழியில் முயன்றும் இரண்டுமே தாலி கட்டும் இடத்தில் உடைந்தது தற்செயல் அல்ல. கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒரு தகவலே சொல்லிவிடுகிறது. அதற்கு வருமுன் கணக்கை முடித்துவிடுவோம்.

தட்டின் உறையில் ‘4.7 ஜிபி, 120 நிமிடம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த 120ஐப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். தட்டுக்கு நிமிடக் கணக்கு கிடையாது, பைட் கணக்குதான். ஒரு விநாடிக்கு எவ்வளவு தரவு செலவழிக்கிறோம் என்பதைப் பொறுத்து அதே தட்டில் ஒரு மணி நேரமும் போடலாம், ஆறு மணி நேரமும் போடலாம். 120 நிமிடம் என்பது டிவிடி ரெக்கார்டர்களில் ‘எஸ்பி’ என்று இருந்த நடுத்தரப் பதிவுக்கான கணக்கு, அவ்வளவே. 4.38 விஷயமும் எளிது. தட்டு தயாரிப்பவர்களுக்கு 1 ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸுக்கோ 1024ஐ மூன்று தடவை பெருக்கி வருவது, அதாவது 107 கோடியே சொச்சம் பைட். 470 கோடியை அந்தச் சொச்சத்தால் வகுத்தால் 4.38 வந்துவிடும். யாரும் ஏமாற்றவில்லை. விண்டோஸ் ஒரு கோப்பை 4.5 ஜிபி என்று காட்டினால் அது இந்தத் தட்டில் ஏறாது என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

470 கோடி பைட் என்பது 3,760 கோடி பிட். 230 நிமிடம் என்பது 13,800 விநாடி. வகுத்தால் விநாடிக்குச் சுமார் 2,725 கிலோபிட் வருகிறது. படத்தையும் ஒலியையும் பின்னிச் சேர்க்கும்போது கொஞ்சம் வீணாகும். மெனுவுக்குக் கொஞ்சம் போகும். தட்டின் வெளி விளிம்பில் சிறிது காலி விடுவது நல்லது. இதற்கெல்லாம் 5 சதவீதம் கழித்துவிடுங்கள். மிச்சம் 2,590 கிலோபிட் என்று வைத்துக்கொள்வோம். இதற்குள்தான் முழுக் கல்யாணமும் நடந்தாக வேண்டும்.

இதில் முதலில் பங்கு கேட்டு வருவது ஒலி. சில மென்பொருள்கள் உங்களைக் கேட்காமலே ஒலியைச் சுருக்காமல், பிசிஎம் வடிவில் வைத்துவிடும். அது விநாடிக்கு 1,536 கிலோபிட். உங்கள் 230 நிமிடத்துக்கு அதுவே 2.65 ஜிபி ஆகிவிடும். தட்டில் பாதிக்கு மேல். படத்துக்கு மிஞ்சுவது ஆயிரத்துச் சொச்சம் கிலோபிட். அதில் திணித்தால் முகம் கூழாகாமல் வேறென்ன ஆகும்? உங்கள் இரண்டாவது முயற்சியில் எல்லா முகமும் கூழாக இருந்தது என்று எழுதியிருப்பதால் இதைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். ஒலியின் அமைப்பைத் திறந்து பாருங்கள். பிசிஎம் என்று இருந்தால் டால்பி டிஜிட்டல், 192 கிலோபிட் என்று மாற்றுங்கள். 2.65 ஜிபி பிடித்த ஒலி 33 கோடி பைட்டுக்கு, அதாவது மூன்றில் ஒரு ஜிபிக்கு இறங்கிவிடும். காதுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தக் காலக் கல்யாணக் கேசட்டுகளில் ஒலி பெரும்பாலும் நாடாவின் ஓரத்தில் பதிவான மோனோதான். அதனால் 128 போதும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். நாகஸ்வரமும் தவிலும் கூட்டத்தின் இரைச்சலும் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் கஞ்சத்தனம் கேட்டுவிடும். மிச்சமாகும் 64 கிலோபிட்டால் படத்துக்குப் பெரிய லாபமும் இல்லை.

ஆக, படத்துக்கு 2,400 கிலோபிட். டிவிடி விதி படத்துக்கு அனுமதிக்கும் உச்சம் 9,800. கடையில் வாங்கும் சினிமா டிவிடிகள் சராசரியாக இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் செலவழிக்கும். நம்மிடம் அவ்வளவு வசதி இல்லை. இருப்பதை எங்கே, எப்படிச் செலவழிப்பது என்பதுதான் மொத்தக் கேள்வியும்.

இப்போது தாலி கட்டும் இடத்துக்கு வருவோம். டிவிடியில் படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்படுகிறது. நம் ஊர் பால் முறையில் விநாடிக்கு 25 படம். அவற்றில் ஏறக்குறைய 12 அல்லது 15 படத்துக்கு ஒன்றுதான் முழுப் படமாக எழுதப்படும். நடுவில் வருகிறவை, முன்னும் பின்னும் உள்ள படங்களிலிருந்து என்ன மாறியது, எந்தத் துண்டு எங்கே நகர்ந்தது என்ற குறிப்புகள் மட்டுமே. ரிசப்ஷனில் மணமக்கள் நிற்கிறார்கள், கேமரா முக்காலியில் நிற்கிறது, உறவினர் ஒருவர் மேடையேறிப் பரிசு கொடுத்துவிட்டு போட்டோவுக்கு நிற்கிறார் என்றால் மாறுவது மிகக் குறைவு. பின்னால் தொங்கும் ஜரிகைத் திரையும் பெயர்ப் பலகையும் அப்படியே இருக்கின்றன. செலவே இல்லை.

முகூர்த்தத்தில் நிலைமை தலைகீழ். கெட்டிமேளம் முழங்கியதும் நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. நூற்றுக்கணக்கான அரிசி மணிகள், ஒவ்வொன்றும் ஒரு திசையில். முந்தைய படத்தின் எந்தத் துண்டும் இந்தப் படத்தோடு பொருந்தாது. அதே நொடியில் போட்டோகாரர்களின் ஃப்ளாஷ் வெடிக்கிறது. ஒரு ஃப்ளாஷ் என்றால் ஒரே ஒரு படம் முழுக்க வெளுத்துவிட்டு, அடுத்த படம் பழையபடி ஆகிவிடும். சுருக்கும் மென்பொருளுக்கு அது இரண்டு தடவை காட்சி மாறியது போல. ஹோமப் புகை வேறு. தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும் கூட்டத்தைச் சமாளிக்க வீடியோகாரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவார். பட்டுப்புடவையின் ஜரிகை வீடியோ விளக்கில் மின்னிக்கொண்டே இருக்கும். சுருக்குவதற்கு மிகக் கடினமான காட்சியை உருவாக்குங்கள் என்று ஒரு பொறியாளரிடம் சொன்னால்கூட இதைவிடக் கடினமாக உருவாக்க மாட்டார். கைவசம் போதுமான பிட் இல்லாதபோது எம்பெக்-2 என்ன செய்யும் என்றால், படத்தை 8க்கு 8 புள்ளி கொண்ட சிறு சதுரங்களாகப் பார்த்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் உள் விவரத்தை விட்டுவிட்டுச் சராசரி நிறத்தை மட்டும் பூசிவிடும். நீங்கள் பார்த்த கட்டங்கள் அவைதான்.

எனவே எல்லா விநாடிக்கும் சமமாக 2,400 கொடுக்கும் முறை, பந்தியில் பசித்தவருக்கும் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கும் ஒரே கரண்டி பரிமாறுவது போலத்தான். சராசரி 2,400, உச்சம் 7,000 என்று வைத்து, இரண்டு சுற்று மாறும் வேகத்தில் சுருக்கச் சொல்லுங்கள். மென்பொருளில் ‘டூ பாஸ் விபிஆர்’ என்று இருக்கும். முதல் சுற்றில் மென்பொருள் முழு வீடியோவையும் படித்து எங்கெங்கே கடினம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவது சுற்றில் எளிய இடத்தில் மிச்சம் பிடித்து, கடினமான இடத்தில் கொட்டும். நேரம் இரட்டிப்பாகும். பரவாயில்லை, இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உங்களிடம் இருப்பது இரண்டு கோப்பு. தனித்தனியே சுருக்கினால் ரிசப்ஷனில் மிஞ்சியது முகூர்த்தத்துக்கு வந்து சேராது. ஒவ்வொன்றும் தன் சராசரிக்குள்ளேயே சுழலும். ஒன்று, இரண்டையும் ஒட்டி ஒரே கோப்பாகச் சுருக்குங்கள். அல்லது பங்கீட்டை நீங்களே செய்யுங்கள்: முகூர்த்தத்துக்கு 2,800, ரிசப்ஷனுக்கு 2,000. 110 நிமிடம், 120 நிமிடம் என்ற உங்கள் கணக்குக்கு இது தட்டுக்குள் சரியாக அடங்கிவிடும். எனக்குக் கையால் பிரிப்பதுதான் பிடிக்கும். எந்த நிமிடம் முக்கியம் என்பது மென்பொருளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

இவ்வளவு செய்தாலும் முழு அளவுப் படத்துக்கு 2,400 பற்றாது. 720க்கு 576 புள்ளிகள், விநாடிக்கு 25 படம் என்றால் ஒரு புள்ளிக்குக் கிடைப்பது கால் பிட்டுக்கும் குறைவு. பலர் செய்யாமல் விடுவதும், மிக அதிகம் பலன் தருவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது: படத்தின் அகலத்தைப் பாதியாக்குங்கள். 352க்கு 576 என்பது டிவிடி விதியே அனுமதிக்கும் அளவு. எந்தப் பழைய ப்ளேயரும் அதை முழுத்திரைக்கு விரித்துக் காட்டும். புள்ளிகள் பாதியாகக் குறைவதால் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு மடங்கு பிட் கிடைக்கிறது.

பாதியாக்கினால் தெளிவு போய்விடாதா என்று கேட்பீர்கள். சினிமா டிவிடியாக இருந்தால் போகும். உங்கள் மூலம் விஎச்எஸ் கேசட். விஎச்எஸ் நாடாவில் அகலவாக்கில் பதிவாகும் நுணுக்கம் சுமார் 240 கோடு. இதைத் திரையின் உயரத்துக்குச் சமமான அகலத்தில்தான் அளப்பார்கள். முழு அகலத்துக்குக் கணக்கிட்டால் 320 வரும். 352 புள்ளி அதற்குத் தாராளம். ஸ்டூடியோவில் 720 புள்ளியாக மாற்றியபோது நாடாவில் இல்லாத விவரம் ஒன்றும் கூடுதலாக வந்துவிடவில்லை. இருந்ததே அகலமாகப் பரவியிருக்கிறது. டிவிடி ரெக்கார்டர்கள் பலவற்றில் நான்கு மணி நேரப் பதிவுக்கு இருந்த ‘எல்பி’ முறையும் இந்த அகலத்தைத்தான் பயன்படுத்தியது.

அகலத்தைக் குறைக்குமுன் இரண்டு ஓரத்திலும் 8 புள்ளி வெட்டி 704 ஆக்கிக்கொண்டு, பிறகு 352க்கு இறக்குங்கள். கேசட்டின் ஓரங்களில் எப்படியும் அழுக்குதான் இருக்கும். ஆனால் உயரத்தில் கை வைக்காதீர்கள். 352க்கு 288 என்று இன்னொரு அளவும் பட்டியலில் இருக்கும். விசிடியின் அளவு அது. (விசிடி காலத்தில் இதே கல்யாணம் மூன்று தட்டு பிடித்திருக்கும்.) உயரத்தைப் பாதியாக்கினால் வேறொரு இழப்பு நேரும். பால் வீடியோவின் ஒவ்வொரு படமும் உண்மையில் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு ஃபீல்டாக, விநாடிக்கு 50 தடவை பதிவானது. அசைவு வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரிவது அதனால்தான். 288 ஆக்கினால் ஒரு ஃபீல்டு போய்விடும். ஊஞ்சல் வெட்டி வெட்டி ஆடும்.

ஃபீல்டு பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 230 நிமிடத்துக்கு 50 ஜிபி என்று நீங்கள் எழுதியதிலிருந்தே உங்கள் ஏவிஐ கோப்புகள் எந்த வகை என்று ஊகிக்கலாம். மணிக்கு 13 ஜிபி என்பது மினி டிவி (MiniDV) கேம்கார்டர்கள் பயன்படுத்திய டிஜிட்டல் வீடியோ வடிவத்தின் அளவு. உங்கள் ஸ்டூடியோகாரர் நல்ல வேலை செய்திருக்கிறார். அந்த வடிவத்தில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். சுருக்கும்போது ‘இன்டர்லேஸ்டு, பாட்டம் ஃபீல்டு ஃபர்ஸ்ட்’ என்று தேர்ந்தெடுங்கள். மாறிப்போனால் அசையாத காட்சியில் ஒன்றும் தெரியாது. யாராவது குறுக்கே நடந்தால் அவர் மட்டும் முன்னும் பின்னுமாக அதிருவார்.

அடுத்தது, வீணாகும் பிட். சுருக்கும் மென்பொருளுக்கு முகம் எது, அழுக்கு எது என்று தெரியாது. மாறுவதெல்லாம் அதற்கு விவரம்தான். பழைய நாடாவின் நமநமப்பு ஒவ்வொரு படத்திலும் மாறிக்கொண்டே இருப்பதால், அசையாத சுவருக்குக்கூட அது பிட் செலவழித்துக்கொண்டிருக்கும். எனவே சுருக்குமுன் ஒரு மெல்லிய இரைச்சல் நீக்கும் வடிகட்டியைப் போடுங்கள். மெல்லிய என்பதை அழுத்திச் சொல்கிறேன். கூட்டினால் ஜரிகையின் மினுமினுப்பு முதலில் மறையும். பிறகு முகங்கள் மெழுகுப் பொம்மை ஆகும். ஐந்து நிமிடத் துண்டு ஒன்றில் பரிசோதித்துவிட்டு முழுதுக்கும் போடுங்கள். அந்தத் துண்டு தாலி கட்டும் இடமாகவே இருக்கட்டும்.

நாடாவிலிருந்து எடுத்த படத்தின் அடிப்பகுதியில் சில கோடுகள் கோணலாக இழுத்துக்கொண்டு நடுங்கும். விசிஆரின் தலை மாறும் இடத்தில் படத்தில் விழும் இரைச்சல் அது. பழைய பெட்டிகளில் திரையின் சட்டத்துக்குள் மறைந்திருந்ததால் நாம் பார்த்ததில்லை. எம்பெக்-2 படத்தை 16க்கு 16 புள்ளிப் பெரிய கட்டங்களாகவும் பிரிப்பதால், அடியில் சரியாக 16 கோட்டைக் கறுப்பால் மூடிவிட்டால் ஒரு முழு வரிசைக் கட்டம் ஏறக்குறைய இலவசமாகிவிடும்.

இன்னொன்று. கேசட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ‘மழை பெய்யும்’ வெற்றுத் திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் புள்ளி மழை முழுக்க முழுக்க ஒழுங்கற்றது. அட்சதையைவிட அதிகமாகப் பிட் குடிக்கும். இரண்டு நிமிட மழை விட்டுவைத்தால் மாறும் வேக முறை நல்லெண்ணத்தோடு அதற்கும் வாரி வழங்கிவிடும். தயங்காமல் வெட்டுங்கள். ஆனால் இடம் பற்றாது என்று ரிசப்ஷன் வரிசையை வெட்டாதீர்கள். வெட்டச் சொல்லும் ஆலோசனை உங்களுக்கு நிறையக் கிடைக்கும். முக்காலியில் எடுத்த அந்த வரிசை மொத்தத்தில் மிக மலிவாக அடங்கும் பகுதி. வெட்டினாலும் பெரிதாக மிஞ்சாது. அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்கப் போவதும் அந்தப் பகுதியைத்தான். மாறாக, எடிட்டிங்கில் சேர்த்த இதயம், ரோஜாப்பூ, சுழலும் நட்சத்திரம் எல்லாம் நன்றாகவே பிட் தின்னும். அவற்றை நீக்க வழியில்லை. இந்தக் கல்யாணத்தின் அங்கமாகவே ஆகிவிட்டன.

டிவிடி ஷ்ரிங்க் மீது எனக்குக் கோபம் இல்லை. 2004க்குப் பிறகு புதிய பதிப்பே வராமல் இன்றும் புழங்குகிறது என்றால் அதற்குக் காரணம் உண்டு. ஆனால் அது செய்யும் வேலை வேறு. ஏற்கெனவே எம்பெக்-2ஆகச் சுருக்கிய படத்தை அது முழுதாக விரித்துத் திரும்பச் செய்வதில்லை. உள்ளே இருக்கும் எண்களின் நுணுக்கத்தை அப்படியே கொஞ்சம் உதிர்த்துவிடுகிறது. அதனால்தான் அவ்வளவு வேகம். அகலத்தை மாற்றாது, இரைச்சலை நீக்காது. ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். நீங்கள் இரண்டு தட்டை ஒன்றாக்கியிருக்கிறீர்கள், ஏறக்குறைய பாதி. அதுவும் ஒரு முறை சுருங்கியதன் மேல் இன்னொரு முறை. அந்த இரண்டு டிவிடியையும் மறந்துவிடுங்கள். எப்போதும் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஏவிஐயிலிருந்தே தொடங்குங்கள்.

வேலைக்கு இலவச மென்பொருள்களே போதும். அவிடெமக்ஸில் ஏவிஐயைத் திறந்து வெட்டுவது, ஓரம் கழிப்பது, அகலம் குறைப்பது, இரைச்சல் நீக்குவது, எம்பெக்-2 இரண்டு சுற்று எல்லாவற்றையும் முடிக்கலாம். கட்டளை அடித்துப் பழக்கம் இருந்தால் எஃப்எஃப்எம்பெக் இன்னும் கைக்கு அடங்கும். வெளிவரும் கோப்பை டிவிடிஸ்டைலரில் போட்டு மெனுவும் அத்தியாயங்களும் அமையுங்கள். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது: ஏற்கெனவே விதிப்படி இருக்கும் வீடியோவை மறுபடி சுருக்காமல் நகலெடுக்கும்படி அமைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இரவு முழுக்கச் செய்த வேலையை அது தன் இஷ்டத்துக்கு இன்னொரு முறை சுருக்கிவிடும். தட்டில் எழுத இம்க்பர்ன்.

மெனுவைப் பற்றி ஒரு யோசனை. இசையோடு அசையும் மெனு வேண்டாம். இடமும் போகும், அம்மாவுக்கு எரிச்சலும் வரும். தட்டைப் போட்டதும் நேராகப் படம் ஓடட்டும். மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல், தாலி கட்டு, நலங்கு, ரிசப்ஷன் என்று ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஓர் அத்தியாயக் குறி வைத்துவிடுங்கள். ரிமோட்டில் அடுத்தது பொத்தானை அழுத்தினால் அங்கே தாவும். அது ஒன்று தெரிந்தால் அவருக்குப் போதும்.

டபுள் லேயர் தட்டு 8.5 ஜிபி. அதில் விநாடிக்கு 4,900 கிலோபிட் வரை கிடைக்கும். முழு அகலத்திலேயே போடலாம். மூலம் கேம்கார்டரில் எடுத்த தெளிவான படமாக இருந்தால் அதையே சொல்லியிருப்பேன். விஎச்எஸ்ஸுக்குத் தேவையில்லை. வீட்டில் எழுதும் டபுள் லேயர் தட்டுகளைப் படிக்கப் பழைய ப்ளேயர்கள் தடுமாறுவது வழக்கம். ஒரு அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குத் தாவும் இடத்தில் ஒரு கணம் உறையும். ப்ளூ-ரே 25 ஜிபி பிடிக்கும் என்றாலும் அம்மாவின் பெட்டியில் ஓடாது.

தம்பி சொல்வதும் தவறில்லை, அம்மாவுக்குத்தான் ஒத்துவராது. பழைய டிவிடி ப்ளேயர்களில் யுஎஸ்பி துளை இருந்தாலும் இன்றைய எச்.264 கோப்புகளை அவை பெரும்பாலும் படிக்காது. உறவினர்களுக்குக் கொடுப்பதற்குப் பென் டிரைவே சரி; அதற்கு எம்பி4 கோப்பைத் தனியாக ஏவிஐயிலிருந்து செய்யுங்கள், டிவிடியிலிருந்து எடுக்காதீர்கள். ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 முறையில் உள்ள பென் டிரைவில் ஏறாது; முகூர்த்தம், ரிசப்ஷன் என்று இரண்டாக வைத்தால் அந்தப் பிரச்சினையே வராது.

அந்த 50 ஜிபி ஏவிஐயை மட்டும் அழித்துவிடாதீர்கள். இடம் அடைக்கிறது என்று அழித்தவர்களின் கடிதமும் எனக்கு வருவதுண்டு. உலகில் கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. கேசட்டைத் திரும்ப ஓடவிட நல்ல நிலையில் ஒரு கருவி கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிக்கொண்டே போகிறது. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள். ஒன்று தம்பி வீட்டில் இருக்கட்டும். எழுதும் தட்டுகளின் உள்ளே இருப்பது ஒளியால் மாறும் சாயம். வெயிலும் ஈரமும் பட்டால் காலப்போக்கில் கெடும். அம்மா பார்ப்பதற்குத்தான் தட்டு, பாதுகாப்பதற்கு அல்ல.

எழுதும்போது டிவிடி-ஆர் வகையையே வாங்குங்கள்; பிளஸ் ஆரைவிட மிகப் பழைய ப்ளேயர்கள் இதைப் பெரும்பாலும் எளிதாக ஏற்கும். 16 மடங்கு வேகம் என்று போட்டிருந்தால் 8 மடங்கில் எழுதி, முடிந்ததும் சரிபார்க்கும் வசதியையும் ஓடவிடுங்கள். தட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. பிழை வந்தால் பெரும்பாலும் வெளி விளிம்பில், அதாவது ரிசப்ஷனின் கடைசியில் வரும். 5 சதவீதம் கழித்ததில் ஒரு பகுதி அதற்காகத்தான். மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சூட்டில் இளகித் தட்டு ஒரு பக்கம் கனத்துச் சுழலும்போது ஆடும். தட்டுக்கென்று விற்கும் பேனாவால் நடுவளையத்துக்கு அருகில் எழுதினால் போதும்.

முதல் பிரதியை அம்மாவின் ப்ளேயரிலேயே போட்டு, தொடக்கம், தாலி கட்டு, கடைசிப் பத்து நிமிடம் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். தட்டே தெரியவில்லை என்று ப்ளேயர் அடம்பிடித்தால் வீடியோவைக் குறை சொல்லித் திரும்பவும் சுருக்க உட்காராதீர்கள். அதே கோப்பை வேறு நிறுவனத்தின் வெற்றுத் தட்டில் எழுதிப் பாருங்கள். பரிசோதனைக்கு அழித்தெழுதும் ஆர்டபிள்யூ தட்டு சிக்கனம்தான், ஆனால் அது ஒளியைக் குறைவாகத் திருப்பும். பழைய ப்ளேயர் அதைப் படிக்காமல் போனாலும் சாதாரணத் தட்டைப் படித்துவிடக்கூடும்.